களிம்புக் குழாய் யாரிடம் பேசுகிறது?

மொழியியல் பயின்ற எவருக்கும் பேன் புதிதன்று. மாரிஸ் சுவாதேஷ் தொகுத்த 100 அடிப்படைச் சொற்களின் பட்டியலில் ஞாயிறு, திங்கள், நீர், நெருப்பு ஆகியவற்றோடு பேனும் இடம்பெற்றிருக்கிறது. பின்னர் வந்த லைப்சிக்-ஜகார்த்தா பட்டியலிலும் அதற்கு முன்வரிசையில் இடமுண்டு. மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று எதை எதையோ கடன் வாங்கும். பேனுக்கான சொல்லை எளிதில் வாங்குவதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் பேன், தெலுங்கில் பேனு, நான் இருக்கும் மைசூரில் ஹேனு. பால் ஹாலு ஆனதையும் புலி ஹுலி ஆனதையும் வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள் இதையும் மூன்றாம் சான்றாகச் சேர்க்கலாம், ஏனோ சேர்ப்பதில்லை. இஸ்ரேலின் தெல் லாகிஷ் மேட்டில் 2016-இல் கிடைத்து, 2022-இல் படித்து வெளியிடப்பட்ட தந்தச் சீப்பு நினைவிருக்கலாம். கானானிய எழுத்தில் முழுச் சொற்றொடராக இதுவரை நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவே மிகப் பழையது. 17 எழுத்துகள், ஏழு சொற்கள். முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் ஒழிக்கட்டும் என்னும் வேண்டுதல்தான் அதன் பொருள். சீப்பின் பல்லிடுக்கில் பேனின் எச்சமும் இருந்தது.

ஆகவே, மொழியியல் ஆய்வாளருக்குத் தோல் மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நான் மருத்துவம் பேச வரவில்லை. தலையில் பேன் வைத்துக்கொண்டு கழுத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசும் வழக்கம் நம் நாட்டில் எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பேச வந்துள்ளேன். அதற்குக் கருத்தரங்குகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றே: மக்களின் அறியாமை. அவ்விடை சோம்பேறித்தனமானது என்பதும், அறியாமை என்று நாம் பெயரிட்டிருப்பது பெரும்பகுதி மொழிவழி உருவாக்கப்பட்ட ஒன்று என்பதும், அதில் நம் துறைக்கும் பங்குண்டு என்பதும் என் வழக்கு.

முதலில், அரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேன் குருதி உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் தோலினுள் செல்கிறது. அவ்வுமிழ்நீரின் புரதங்களை நம் உடல் அயலெனக் கண்டு எதிர்க்கிறது; அந்த ஒவ்வாமையே அரிப்பு. முதன்முறையாகப் பேன் தொற்றியவருக்கு உடல் இவ்வெதிர்ப்பைப் பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை தலையில் பேன் குடியிருக்கும், அரிப்பு இராது. சிலருக்கு அரிப்பே வருவதில்லை. இன்னொரு புறம், பேன் முழுதும் அழிந்த பின்னும் சில நாள்களோ வாரங்களோ அரிப்புத் தொடர்வதுண்டு. பேன் இருந்தும் அரிப்பு இல்லாத காலம் ஒன்று, அரிப்பு இருந்தும் பேன் இல்லாத காலம் ஒன்று. குறியும் குறிப்பொருளும் ஒன்றோடொன்று முழுதும் பொருந்துவதில்லை என்று சசூர் வகுப்பில் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

சொறிவதால் வருபவை வேறு. பிடரியிலும் காதின் பின்புறத்திலும் கீறல்கள், அவற்றில் நுண்ணுயிர் புகுந்து சீழ்க்கொப்புளம், கழுத்தின் பின்புறத்தில் நெறிகட்டுதல், சிலருக்குக் கழுத்திலும் தோளிலும் கரப்பான் போன்ற தடிப்பு. மருந்துக்கடைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்தத் தடிப்புத்தான். பேன் கூந்தலுக்குள் இருக்கிறது. தடிப்புக் கழுத்துப்பட்டைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படுகிறது.

இந்த இடத்தில்தான் ஸ்டீராய்டு நுழைகிறது. அதன்மேல் எனக்குப் பகை இல்லை. 1952-இல் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனை மேற்பூச்சாகப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டதிலிருந்து தோல் மருத்துவம் வேறொரு துறையாகவே மாறிவிட்டது என்று அத்துறையினர் சொல்வது மிகையன்று. பேனை ஒழித்த பிறகும் அடங்காத தடிப்புக்கு, மென்மையான ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்கு மருத்துவர் தருவது முறையான மருத்துவம். ஆனால் ஸ்டீராய்டு பேனைக் கொல்லாது, ஈரையும் கொல்லாது. அது உடலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. பேனுக்கு மருந்திடாமல் ஸ்டீராய்டை மட்டும் பூசினால், வீட்டில் திருடன் இருக்கக் குரைக்கும் நாயின் வாயைக் கட்டிய கதைதான். பேன் நிம்மதியாகப் பெருகும். அடுத்த தலைக்கும் போகும். சொறிசிரங்கிலும் படர்தாமரையிலும் இதே கதை இன்னும் கொடியது. ஸ்டீராய்டால் உருமாறி அடையாளம் தெரியாமற்போன படர்தாமரைக்கு மருத்துவர்கள் 1968-இலேயே 'மாறுவேடத் தாமரை' என்னும் பொருளில் ஒரு லத்தீன் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. வீரியமிக்க ஸ்டீராய்டுகள், எடுத்துக்காட்டாகக் குளோபெட்டசால், ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலிமை உடையவை. மெல்லிய தோலில் தொடர்ந்து பூசினால் தோல் மேலும் மெலியும், நிறம் வெளுக்கும், குருதிநாளங்கள் வெளித்தெரியும், பருக்கள் கிளம்பும். பூசுவதை நிறுத்தினால் முன்னிலும் கடுமையாகச் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் பூசுவார்கள். இந்தியாவின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முகத்தோல் சிக்கலோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களிற் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். அது முகத்தைப் பற்றிய ஆய்வு. பிடரியை எண்ணிப் பார்த்தவர் யார்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இந்நகரின் மகளிர் விடுதி ஒன்றில் என் பக்கத்து அறைத் தோழி, நல்ல ஆய்வாளர், இரண்டு மாதங்களாகப் பிடரி அரிப்போடு இருந்தார். மருந்துக்கடையில் 'துரிகெ' என்று கன்னடத்தில் சொன்னார். அரிப்பு என்று பொருள். கடைக்காரர் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த குழாயொன்றைத் தந்தார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. குழாய் தீர்ந்ததும் அரிப்புத் திரும்பியது, அடுத்த குழாய். மூன்றாம் குழாயின்போது அவருடைய பிடரித் தோல் வெளுத்து, மெல்லிய தாள்போல் சுருங்கத் தொடங்கியிருந்தது. அதற்குள் அத்தளத்தில் இருந்த எங்களில் பலர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். தோல் மருத்துவர் அவரிடம் எதையும் கேட்பதற்கு முன் காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தார். ஈர்கள் வரிசையாக இருந்தன. பெர்மெத்ரின் நீர்மம், பேன்சீப்பு, ஏழு முதல் பத்து நாள்களுக்குள் இன்னொரு முறை. ஏனெனில் அம்மருந்து ஈரைச் சரிவரக் கொல்லாது, ஈர் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரித்துவிடும். வியப்பு என்னவென்றால், அவர் எழுதிய சீட்டில் ஐந்து நாளுக்கு ஒரு மென்மையான ஸ்டீராய்டும் இருந்தது. அதே மருந்துக் குடும்பம், வரிசைதான் வேறு.

அத்தோழி முனைவர் பட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவர். அவரை அறியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. பிறகு ஏன் இப்படி நேர்ந்தது?

அவர் 'பேன்' என்னும் சொல்லைக் கடையில் சொல்லவில்லை. சொல்லக் கூசினார். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பகுப்பதை இளங்கலையிலேயே படித்திருக்கிறோம். அவையில் சொல்லத்தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். நம் தலைமுறையின் நகர்ப்புறப் பேச்சில் பேன் இடக்கரடக்கலுக்கு உரிய சொல்லாகிவிட்டது. பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து ஊரறியப் பேன் பார்த்த காலத்தில் அது வெட்கமாக இருந்ததில்லை. பேன் அழுக்கின் அடையாளம் என்னும் எண்ணம் பரவியபின் அச்சொல் ஒளிந்தது. உண்மையில் தூய்மையான கூந்தலும் அழுக்கேறிய கூந்தலும் பேனுக்கு ஒன்றுதான். அது தலையோடு தலை நெருங்குவதால் பரவுகிறது. சொல் ஒளிந்த இடத்தில் 'அரிப்பு' வந்து உட்கார்ந்தது. காரணத்தின் பெயர் போய் விளைவின் பெயர் நின்றது. கடைக்காரரும் கேட்டதற்கே மருந்து தந்தார்.

தமிழில் இவ்வுணர்வுக்குச் சொற்பஞ்சமா என்றால், இல்லை. அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு, குறுகுறுப்பு, எரிச்சல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. தலையில் பேன் ஓடுவதைக் குறுகுறுப்பு என்போமேயன்றித் தினவு என்னமாட்டோம். பூச்சி கடித்த இடம் ஊறும்; புண் ஆறும்போது நமைக்கும். நோயைப் பகுத்தறிய உதவும் இச்சொற்களெல்லாம் கடையின் பலகைக்கு முன்னால் 'அரிப்புக்கு ஓர் ஆயின்மென்ட்' என்று ஒன்றாய்ச் சுருங்கிவிடுகின்றன. இதை ஆராய யாராவது நிதி கேட்டிருக்கிறோமா?

இனிக் குழாய்க்கு வருவோம். தலைப்பில் கேட்ட கேள்வியை உரைக்கோவை ஆய்வின் முறைப்படியே கேட்கிறேன். இந்தப் பனுவலின் முன்னிலை யார்? உறைமேல் சிவப்புக் கட்டத்துக்குள் இரண்டு ஆங்கில வாக்கியங்கள் இருக்கும். ஒன்று, மருத்துவ அறிவுரைப்படியன்றி இம்மருந்தை உட்கொள்வது ஆபத்து என்பது. பூசும் களிம்புக்கு உட்கொள்ளும் வினை! மாத்திரைக்கென எழுதப்பட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மற்றொன்று, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கலாகாது என்பது. இதன் முன்னிலை விற்பவர். பூசிக்கொள்பவர் அங்கே இல்லவே இல்லை. இவற்றுக்குச் சற்றுத் தள்ளி, வெளிப்பயன்பாட்டுக்கு மட்டும் என்ற தொடர் இருக்கும். கிரைஸ் சொன்ன குறிப்புப்பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? உள்ளே போனால்தான் கேடு, வெளியே பூசினால் கேடில்லை என்பதே அதைப் படிப்பவர் கொள்ளும் பொருள். எழுதியவர் எண்ணியது வேறாக இருக்கலாம். பொருளை உண்டாக்குவது கேட்பவரே என்று நாம்தானே மாணவர்களுக்குச் சொல்கிறோம்?

சட்டமும் நெடுங்காலம் இதே பொருளில்தான் இருந்தது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை எச், சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியல். அதன் அடிக்குறிப்பில் ஒரு சிறு தொடர், மேற்பூச்சாகவோ வெளிப்பயன்பாட்டுக்கோ உரிய கலவைகளை நீக்கி என்று பொருள்படும் ஒரு வினையெச்சத் தொடர், இருந்தது. அந்த எச்சத்தின் வழியாகத்தான் வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகள் இத்தனை ஆண்டுகள் கடைக்குள் வந்தன. 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுகளை மேற்பூச்சு வடிவிலும் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. தோல் மருத்துவர் சங்கத்தின் பல்லாண்டுப் போராட்டம் அதன் பின்னால் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளை அரசு தடைசெய்தபோது, குளோபெட்டசாலோடு மூன்று நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்து அரைத்த களிம்பும் அத்தடைக்குள் வந்தது. நல்ல செய்திகள்தாம். ஆனால் விதி மாறியதை மக்கள் மொழியில் அந்த உறை சொல்லிற்றா? மாநில மொழியில் எழுதவேண்டும் என்னும் கட்டாயம் மருந்து விதிகளில் இல்லை. சில உறைகளில் வணிகப் பெயர் மட்டும் தேவநாகரியில் இருக்கும். விற்கப் பெயர் வேண்டும். எச்சரிக்க மொழி வேண்டாம்.

கடைக்காரரை வைது தள்ளுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. மைசூரின் எந்தத் தெருவிலும், திருச்சியிலும் ஈரோட்டிலும்கூட, இந்த மருத்துவக் கட்டமைப்பு முழுவதிலும் நோயாளியின் மொழியில், நோயாளியின் அவசரத்தில், கட்டணமின்றிப் பேசுபவர் அவர் ஒருவரே. அந்த ஆங்கில உறைக்கும் தலை சொறியும் மனிதருக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அவர். அவருடைய மொழிபெயர்ப்பு 'இதைப் போடுங்க, சரியாயிடும்' என்று ஐந்து நொடியில் முடிகிறது. மோசமான மொழிபெயர்ப்புத்தான். மூலத்தைத் தந்தவர்கள் வேறு மொழிபெயர்ப்பு எதையும் தரவில்லையே!

இங்கே பொருளாதாரம் பேசுவோர் எழுவார்கள். குழாய் சிறியது, மொழிகள் பல, செலவு மிகுதி. சரி, இதைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், உழவர் வாங்கும் பூச்சிமருந்தோடு வைக்கும் துண்டறிக்கை அது விற்கப்படும் வட்டாரத்தின் ஒன்றிரண்டு மொழிகளிலும் இருக்கவேண்டும் என்கின்றன. நச்சின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிற முக்கோணங்களும் உண்டு. மாலத்தியான் வயலிலும் தெளிக்கப்படுகிறது, பேனுக்கும் பயன்பட்டிருக்கிறது. ஒரே வேதிப்பொருள் வயலுக்குப் போகும்போது தமிழும் கன்னடமும் பேசும், குழந்தையின் தலைக்கு வரும்போது ஆங்கிலம் மட்டும் பேசும் என்றால், இடப்பற்றாக்குறை என்னும் வாதம் எங்கே நிற்கிறது? சிகரெட்டுப் பெட்டியும் சிறியதுதான். 2016 ஏப்ரல் முதல் அதன் இருபுறமும் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்து வணிகப் பெயர்களுக்கு உறையிலேயே குறியீட்டுக் கட்டம் கட்டாயமாயிற்று. கைப்பேசியால் படித்தால் தொகுதி எண், காலாவதி நாள், உரிம எண் எல்லாம் வரும். போலி மருந்தைப் பிடிக்க அது உதவும். அதே கட்டத்தில் முப்பது நொடித் தமிழ் ஒலிப்பதிவு ஒன்றை வைக்கத் தொழில்நுட்பம் தடையா?

இனி நம் வீட்டுக் கணக்கு. கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்குகிறது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இதே மைசூரில் 1969 முதல் இருக்கிறது. தேசிய மொழிபெயர்ப்பு இயக்கமும் இங்கிருந்துதான் நடக்கிறது. பாடநூல்கள் பெயர்க்கப்படுகின்றன, வேண்டியதுதான். ஆனால் கலைச்சொல் பற்றிய நம் சண்டைகளைப் பாருங்கள். ஸ்டீராய்டு என்பதா, தனித்தமிழ்ச் சொல் காண்பதா என்று எத்தனை மணிநேரம்! அதற்குள் செய்தித்தாள்கள் தம் போக்கில் ஒரு விடை கண்டுவிட்டன. ஓட்டப்பந்தய வீரர் பிடிபட்டால் ஸ்டீராய்டு 'ஊக்கமருந்து' ஆகிறது. விளைவாக, தமிழ் படிப்பவர் மனத்தில் ஸ்டீராய்டு என்பது தசை வளர்க்கும் ஏதோ ஒன்று. தம் குளியலறை அலமாரியில் இருக்கும் களிம்பு அதே பெயருடைய வேறொரு மருந்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் நம் கலைச்சொல் அவைகள், மெய்யான பேன் வந்தபோது எங்கிருந்தன?

புதுச்சொல் எதுவும் இப்போது தேவையில்லை என்பதே என் நிலை. ஸ்டீராய்டு என்றே எழுதுங்கள். மக்கள் பழகிக்கொள்வார்கள், பெனிசிலினைப் பழகியதைப் போல. தேவைப்படுவது சொல்லன்று, வாக்கியம். பூசுபவரை முன்னிலையாக்கி, எளிய வினைமுற்றில் முடியும் வாக்கியம். நான் எழுதிப் பார்த்தவை மூன்று:

'இதில் ஸ்டீராய்டு உள்ளது. இது அரிப்பை அடக்கும். பேனையோ சொறிசிரங்கையோ படர்தாமரையையோ அழிக்காது.'

'பூசும் முன் தலையையும் காதின் பின்புறத்தையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.'

'மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மேல் பூசினால் தோல் மெலிந்துவிடும். முகத்திலும் குழந்தைக்கும் நீங்களாகப் பூசாதீர்கள்.'

இரண்டாம் வாக்கியத்தில் 'பேன் பார்க்கச் சொல்லுங்கள்' என்றே முதலில் எழுதினேன். விடுதியில் எட்டுப் பேரிடம் படித்துக் காட்டியபோது ஐவர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர்களே பொருளை உடனே பிடித்துக்கொண்டார்கள். 'தலையைப் பார்க்க' என்று மாற்றியதும் முகச்சுளிப்புப் போயிற்று. எதற்காகப் பார்க்கவேண்டும் என்று மூவர் கேட்டார்கள். எட்டுப் பேர் ஒரு மாதிரியாக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கூச்சம் காப்பதா, பொருள் காப்பதா என்னும் இக்கேள்வியை முறையான கள ஆய்வாக, வெவ்வேறு வயதினரிடமும் எழுதப்படிக்கத் தெரியாதவரிடமும் செய்து பார்க்க விரும்புகிறேன். கன்னடத்தில் 'ஹேனு' இதே கூச்சத்தைத் தருகிறதா, மைசூர்த் தமிழர் கடையில் எம்மொழியில் தம் நோயைச் சொல்கிறார்கள் என்பனவும் அதில் அடங்கும். கன்னடம், தெலுங்கு, மலையாளம், உருது பேசும் ஆய்வு மாணவர்கள் தம் மொழியில் இம்மூன்று வாக்கியங்களையும் எழுதி, குறைந்தது பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்து அனுப்புங்கள். தோல் மருத்துவம் பயிலும் முதுநிலை மாணவர் ஒருவரேனும் உடன்வந்தால், வாக்கியங்களின் மருத்துவப் பிழைகளை முதலில் திருத்திவிட்டுக் களத்துக்குப் போகலாம்.